அண்ணியின் சீரியலும் கொழுந்தனின் படமும்

பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நேற்று மாலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் முதுகு முழுக்க உங்கள் புதுச் சீரியலின் விளம்பரம். ஐந்து பெண்கள் ஐந்து பக்கம் முறைக்கிறார்கள். நடுவில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு சாவி. மேலே எழுத்து: ‘பக்கத்து வீட்டுச் சாவி. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழு மணிக்கு.’ நான் ஏற வேண்டிய பஸ் அதுதான். ஏறவில்லை. நடந்தே போனேன்.

என் படத்தின் பெயர் ‘சாவி பக்கத்து வீட்டில்.’ மூன்று வருடமாக அந்தப் பெயரை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். தயாரிப்பாளர் சங்கத்தில் முறைப்படி பதிவு செய்தது நான். முதல் படம், கண் பட்டுவிடக் கூடாது என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் நீங்களும் நானும் ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதியவர்கள். என் திரைக்கதைக் கட்டு அந்த மேஜையில்தான் கிடந்தது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டேன். இங்கே ஒரு சோபா இருக்கிறது, போதும். போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க அண்ணன் அடிக்கடி வருகிறார். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

வேண்டுகோள் ஒன்றே ஒன்று. சீரியலின் பெயரை மாற்றுங்கள். என் படம் ஏப்ரலில் வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தம்பி


பிப்ரவரி 8, ஞாயிறு

மாண்புமிகு இயக்குநர் அவர்களின் சமூகத்துக்கு,

‘உங்கள் கணவரின் தம்பி’யாம். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் நின்றாய். கட்டிவிட்டது யார் என்று கேள், அந்தத் தம்பியை.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீ தீர்ப்பு எழுது. சேனல் மீட்டிங்கில் நான் கொண்டுபோன முதல் பெயர் வேறொரு சேனலில் ஏற்கெனவே ஓடுகிறதாம். இரண்டாவது பெயர் இதே சேனலில் மதியம் ஓடுகிறதாம். மூன்றாவதைச் சொன்னேன், அந்தப் பெயரில் போன வருடம் ஒரு படம், அதற்கு முந்தின வருடம் ஒரு படம், முடிவில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்து இன்னொரு படம். சேனல் மேனேஜர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் போன். எடுத்தேன். “சாவி பக்கத்து வீட்டுல,” என்றார். வைத்துவிட்டார். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், ஓடுகிறார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் எனக்குப் போனில் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான். நான் போனை வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்து, “பக்கத்து வீட்டுச் சாவி,” என்றேன். அவர் பேனா தட்டுவதை நிறுத்தினார். அவ்வளவுதான் கதை.

நீயும் அதே வசனத்தைக் கேட்டு வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து உனக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். அதனால் நான் உன்னிடம் திருடினேனா, நீ அவரிடம் திருடினாயா என்பதை லிஃப்டுக்குள் படுத்துக் கிடக்கிறவரிடம் போய்க் கேள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் புத்தியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது, கவலையில்லை. உன் காகிதத்தை நீ இல்லாதபோது நான் புரட்டிப் பார்த்திருப்பேன் என்று நினைத்தாயே, அது எனக்கு வலித்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெயரை மாற்ற முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். “மேடம், பஸ்ஸு பின்னாடி ஒட்டியாச்சு,” என்றார். அவருக்கு அது கல்வெட்டு.

டூத் பிரஷ்ஷை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். கூடவே அனுப்பியிருக்கிறேன். பச்சைச் சட்டை இன்னும் ஈரமாக இருக்கிறது. அவசரமென்றால் வந்து எடுத்துக்கொள்.

அண்ணி


மார்ச் 3, செவ்வாய்

அண்ணி அவர்களுக்கு,

மூன்று வாரமாகப் பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது.

முதல் சம்பவம். போன திங்கட்கிழமை எடிட்டிங் அறைக்கு ஒரு பெட்டி வந்தது. மேலே ‘சாவி யூனிட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திறந்தால் கண்ணைப் பறிக்கிற போலி நகைகள். எடிட்டர் ஒரு நெற்றிச்சுட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு அன்று முழுக்க அப்படியே வேலை செய்தார். நீங்கள் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.

இரண்டாவது சம்பவம். சவுண்டு ஸ்டூடியோவில் போன் அடித்தது. ஒரு பெண்மணி, “சின்ன மருமகளைக் கொல்லப் போறீங்களா இல்லையா, ஒரே பதில் சொல்லுங்க,” என்றார். என் படத்தில் மருமகளே கிடையாது என்றேன். “அப்ப கொன்னுட்டீங்களா?” என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி வைப்பதற்குள் சவுண்டு மிக்ஸிங் செய்ய வந்தவர் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. என் கதாநாயகர் நடிகர் இல்லை, தெரியுமல்லவா. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். அந்த முகத்துக்காக நான் ஊரெல்லாம் அலைந்தேன். போன வாரம் அவரை டப்பிங்குக்கு வரச் சொல்லியிருந்தேன். டாக்சிக்காரரிடம் “சாவி ஷூட்டிங்” என்று சொல்லியிருக்கிறார். டாக்சிக்காரர் நேராக உங்கள் செட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உங்கள் இயக்குநரும் யார், எவர் என்று கேட்கவில்லை. கையில் டீயைக் கொடுத்துச் சோபாவில் உட்கார வைத்துப் படம் பிடித்திருக்கிறார். நேற்று ஏழு மணிக்கு ஒளிபரப்பாகிவிட்டது. உங்கள் ஐந்து பெண்களும் கத்திக்கொண்டிருக்க, நடுவில் என் கதாநாயகர் நிதானமாக டீ குடிக்கிறார். “தம்பி, அவங்க ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டாங்க, பிஸ்கட் எல்லாம் குடுத்தாங்க,” என்கிறார் என்னிடம்.

மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்த முகம், அண்ணி. பிஸ்கட்டுக்குப் போய்விட்டது.

இது சிரிக்கிற விஷயம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 7, சனி

தம்பிக்கு,

இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரி வரைக்கும் அடக்கிக்கொண்டுதான் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. உன் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நகைப்பெட்டிக்கு மன்னிப்பு. போனில் அழுத அந்தப் பெண்மணியின் நம்பர் இருந்தால் அனுப்பு. சின்ன மருமகளைக் கொல்லவில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன், பாவம்.

உன் கதாநாயகர் விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் நாளைய வசனத்தை இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவள். செட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா. சேனலுக்கு இந்த வாரம் வந்த போனெல்லாம் அவரைப் பற்றித்தான். “அந்தச் சோபா தாத்தா யாரு, மறுபடி எப்ப வருவாரு” என்று கேட்கிறார்கள். எல்லாரும் கத்துகிற வீட்டில் பேசாமல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் மனசு அவர் பக்கம் போய்விடுகிறது. நல்ல முகம் கண்டுபிடித்திருக்கிறாய். இதை நான் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

உனக்கு மட்டும்தான் தப்பு முகவரியில் பெட்டி வரும் என்று நினைக்காதே. ஒரு பட விழாவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ‘தங்கள் படைப்பின் மௌனம் எங்களை உலுக்கிவிட்டது’ என்று ஆரம்பித்தது. என் சீரியலையா சொல்கிறார்கள் என்று இரண்டு நிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் உன்னுடையது என்று புரிந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு நிமிடம் யாரும் பேசவில்லையாமே, பாட்டும் இல்லையாமே. என் சீரியலில் பதினோரு விநாடி யாரும் பேசாமல் இருந்தால் வீட்டுக்காரர்கள் எழுந்து டிவியைத் தட்டிப் பார்ப்பார்கள்.

உண்மையில் அந்தக் கடிதத்தைப் படித்து எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லாமல் மேனேஜரிடம் காட்டினேன். “எங்க வீட்டுப் பையன்” என்று சொன்னேன்.

படத்தை எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டேன். வாயே திறக்காமல் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 10, வெள்ளி

அண்ணிக்கு,

கோபத்தோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் வரமாட்டேன் என்கிறது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

விநியோகஸ்தர் வந்திருந்தார். படத்தைப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். ஆனால் தியேட்டர்காரர்கள் யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்களாம். “வீட்டுல தினமும் வர்ற சீரியலை எதுக்குய்யா தியேட்டர்ல போடணும்” என்று கேட்கிறார்களாம். இது வேறு, அது வேறு என்று இவர் விளக்கினால், “சனங்களுக்கும் நீ ஒவ்வொருத்தரா வந்து விளக்குவியா” என்கிறார்களாம். தயாரிப்பாளர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பேரை மாத்திடலாம்பா, ‘மௌனம்’னு வச்சிடலாம்,” என்றார். அந்தப் பெயரில் ஏற்கெனவே நாலு குறும்படம் இருக்கிறது என்றேன். ஐந்தாவதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

நான் சம்மதிக்கவில்லை. வீம்பு என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கையில் இன்னொரு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதர் என்ன செய்வார்? அவ்வளவுதான் மொத்தப் படமும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் படத்துக்குக் கதவே இல்லை.

கடைசியில் ஒரே ஒரு தியேட்டர் கிடைத்திருக்கிறது. மார்க்கெட் தெருவில், இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறதே, அதுதான். ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு பார்ப்பார்கள். ஞாயிறு மாலைக் காட்சிக்குள் கூட்டம் சேரவில்லை என்றால் திங்கட்கிழமை வேறு படம் மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு என் படத்தை யாரும் எங்கேயும் போட மாட்டார்கள். அடுத்த படம் என்று ஒன்றை நான் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

பயமாக இருக்கிறது, அண்ணி.

படத்தைக் காட்டச் சொன்னீர்கள். இப்போது முடியாது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைத் தாங்குகிற நிலைமையில் நான் இல்லை. தியேட்டரில் ஓடினால் டிக்கெட் வாங்கிப் பாருங்கள்.

சின்னவன்


ஏப்ரல் 13, திங்கள்

சின்னவனுக்கு,

ரொம்ப நாள் கழித்து ‘சின்னவன்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் கடிதத்தின் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

காலையில் மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். சீரியல் பெயரில் ‘சாவி’யை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கள் என்றேன். “மேடம், இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. சாவியை எடுத்தா வண்டி நின்னுடும்,” என்றார். ரசித்துச் சிரித்தார் வேறு. நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன் என்றேன். உடனே டீ வரவழைத்தார். ஆனால் பெயர் மாறாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கத்தியும் நடக்கவில்லை.

வேறு வழி யோசிக்கிறேன். உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாது. சொல்லமாட்டேன்.

சோபாவில் படுத்து முதுகு வலிக்கிறது என்று அண்ணனிடம் சொன்னாயாமே. தலையணை அனுப்பியிருக்கிறேன். உன்னுடையதுதான், உறைதான் புதுசு.

அண்ணி


ஏப்ரல் 23, வியாழன்

அண்ணி,

இன்றைக்கு ஏழு மணி எபிசோடை எடிட்டர் கூப்பிட்டுக் காட்டினார். உங்கள் சீரியல் வீட்டு மாமியார், மாமனார், மூன்று மகன்கள், மருமகள்கள் எல்லாரும் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலை வாரிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்புகிறார்கள். “எங்க கும்பலா கிளம்பிட்டீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். “மார்க்கெட் தெரு தியேட்டருக்கு. சோபாவுல உக்காந்து டீ குடிச்சாரே நம்ம தாத்தா, அவரு படத்துல நடிச்சிருக்காராம். நாளைக்கு முதல் நாள், இன்னைக்கே போய் டிக்கெட் எடுத்து வச்சிடலாம்னு,” என்கிறாள் மாமியார். அதோடு ‘தொடரும்’ போட்டுவிட்டீர்கள்.

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

என் படம் தன் காலில் நின்றால் நிற்கட்டும், விழுந்தால் விழட்டும். உங்கள் கூட்டத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு ஒருத்தி கதவைத் திறந்தால்கூட மூன்று தடவை மூன்று கோணத்தில் காட்ட வேண்டும், இடி இடிக்க வேண்டும். அந்த மந்தை என் பதினோரு நிமிடத்தில் எழுந்து நின்று சத்தம் போடும். திரையைக் கிழித்தாலும் ஆச்சரியமில்லை. காலித் தியேட்டரில் என் படம் மரியாதையாகச் செத்துப்போயிருக்கும். நீங்கள் அதைக் கேலிக்கூத்து ஆக்கப் போகிறீர்கள்.

நாளை முதல் காட்சி.


ஏப்ரல் 24, வெள்ளி, காலை

தம்பி,

வேலைக்குக் கிளம்புகிற அண்ணனை வாசலில் நிறுத்திவைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்று. பெரிய மாமியாராக நடிக்கிற அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்திருக்கிறார்கள், வாய் வீங்கிக் கிடக்கிறது. இன்றைய எபிசோடில் அவர் வர முடியாது. மொத்தக் குடும்பத்தையும் எங்காவது அனுப்பியாக வேண்டும். போன தடவை கல்யாணத்துக்கு அனுப்பினேன், அதற்கு முந்தின தடவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை சினிமாவுக்கு அனுப்பினேன். என் வேலையை நான் பார்த்தேன்.

இரண்டு. அது முழு உண்மை இல்லை. உனக்காகத்தான் செய்தேன். மறுபடியும் செய்வேன்.

மூன்று. மந்தை என்று எழுதினாயே, அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து தையல் மெஷினை மிதித்தவள், கடையில் நின்றவள், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டவள், உன் அண்ணன் மாதிரி எண்ணெய்க் கறையோடு வந்து உட்காருகிறவர், இவர்கள்தான் ஏழு மணிக்கு என் சீரியலைப் பார்க்கிறவர்கள். வாயை மூடிக்கொண்டு பார்க்கமாட்டார்கள், உண்மைதான். டிவியில் இருக்கிறவளிடம் “அந்தப் பாலைக் குடிக்காதடி” என்று சொல்வார்கள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே சொல்வார்கள். தன் வீட்டு ஆள் என்று நினைக்கிறவர்களிடம்தானே மனுஷன் அப்படிப் பேசுவான். இப்படி யாராவது உன்னிடம் பேசினால் நீ கொடுத்து வைத்தவன்.

வாசலில் அண்ணன் செருப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நல்லபடியாக ஓடட்டும்.

அண்ணி


ஏப்ரல் 27, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வந்தவர்கள் மொத்தமே எடிட்டர், எடிட்டரின் மாமனார், தெரியாமல் ஏறி வந்த இரும்புக் கடை வாடிக்கையாளர் ஒருவர். சனிக்கிழமை கொஞ்சம் தலைகள் தெரிந்தன. தியேட்டர் மேனேஜர் என் தோளில் கை போட்டு, “அடுத்த படத்துக்குப் போஸ்டர் வந்துடுச்சு தம்பி, மனசுல வச்சுக்காதீங்க,” என்றார். ஞாயிறு மதியம் அந்தப் போஸ்டரைச் சுருட்டிப் படிக்கட்டில் சாய்த்தும் வைத்துவிட்டார்கள்.

நான் மாலைக் காட்சிக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எடிட்டர் இழுத்துக்கொண்டு போனார். மார்க்கெட் தெரு முனையிலேயே கூட்டம். ஏதோ விபத்து என்று நினைத்தேன். இல்லை, வரிசை. இரும்புக் கடையைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள், டிபன் பாத்திரம், தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலியோடு ஒரு தாத்தா. லீவு நாள் என்று குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி என்னைக் கூப்பிட்டு, “சின்ன மருமக உள்ள உக்காந்திருக்காளாமே, நிஜமா?” என்று கேட்டார். எனக்கு அந்தக் குரல் தெரியும். ஸ்டூடியோவுக்குப் போன் செய்து அழுதவரேதான்.

தியேட்டர் நிறைந்துவிட்டது. படியில்கூட உட்கார்ந்தார்கள். நான் ஆப்பரேட்டர் அறை வாசலில் நின்றேன், தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியாக. என் டிரைவர் அய்யா திரையில் வந்ததும் மொத்த ஜனமும், “அய், சோபா தாத்தா,” என்றது.

பிறகு அந்தப் பதினோரு நிமிடம். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அவர் பக்கத்து வீட்டுச் சாவியால் அந்தக் கதவைத் திறக்கிறார். ஆள் இல்லாத வீடு. ஃபேனைப் போடுகிறார். நாற்காலியில் உட்காருகிறார். யாரோ குடித்துவிட்டு வைத்த கப் ஒன்று மேஜையில் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் குடித்து வைத்த கப் ஒன்று மட்டும்தான் எப்போதும் இருக்கும், அது அவருடையது.

அரை நிமிடம் ஆயிற்று. “சவுண்டு போச்சுப்பா,” என்று ஒருவர் கத்தினார். விசில். ஆப்பரேட்டர் பதறிப்போய் மெஷினைப் பார்க்கிறார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அந்தப் போன் பெண்மணி, மூன்றாவது வரிசையிலிருந்து, மெதுவாகத்தான் சொன்னார். “கூச்சப்படாதீங்கய்யா, நம்ம வீடு மாதிரிதான்.” பக்கத்தில் இருந்தவள், “அந்தக் கப்பைக் கழுவி வச்சிடுங்க, ஈ மொய்க்கும்,” என்றாள். திரையில் அவர் கப்பை எடுத்தார். “அப்படித்தான்,” என்றது பின்வரிசை. அவர் குழாயைத் திறந்தார். “தண்ணி ஜில்லுனு இருக்கும், பாத்து,” என்றார் ஒருவர். அவர் ஒரு தடவை பெருமூச்சு விட்டதற்கு எத்தனை பேர் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள் தெரியுமா. நான் ஒரு சொல்லும் எழுதாமல் விட்ட இடத்தை அவர்கள் வரி வரியாகப் பேசி நிரப்பினார்கள், அண்ணி. ஒன்றுகூடத் தப்பாக இல்லை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கமாட்டேன்.

கடைசியில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, மறந்துவிட்டார். கதவை இழுக்கிறார். திடீரென்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், தொண்டை கிழியக் கத்தியது. “டேய், ஃபேனை நிறுத்துடா.” வயதில் மூத்தவரை டேய் என்கிறாரே, யாரடா இந்த மரியாதை தெரியாத ஆள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த நொடி மொத்தத் தியேட்டரும், “ஃபேன், ஃபேன்,” என்று கத்த ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள்.

திரையில் அவர் நின்றார். யோசித்தார். திரும்பி உள்ளே போனார். ஃபேனை நிறுத்தினார்.

அண்ணி, கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் திரும்பினார் என்று சத்தியம் செய்வார்கள். நானும் செய்வேன். ஆப்பரேட்டர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன்.

மந்தை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இன்று காலை தியேட்டர் மேனேஜர் புதுப் போஸ்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஐந்து ஊரில் கேட்கிறார்களாம். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். “ஃபேன் படத்துக்கு மூணு குடுங்க.” “அந்த ஃபேன் தாத்தாவுக்கு ரெண்டு.” ஒருத்தராவது, அண்ணி, ஒரே ஒருத்தராவது நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பெயரைச் சொல்லவில்லை. உங்கள் சீரியலை என்னவென்று சொல்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். ‘ஏழு மணி’ என்கிறார்கள். அவ்வளவுதான். இரண்டரை மாதம் நாம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று நினைத்துத் தெருவிலேயே சிரித்தேன்.

நாளை மாலை வீட்டுக்கு வருகிறேன். தலையணையோடு.

சின்னவன்


ஏப்ரல் 28, செவ்வாய், காலை

சின்னவனே,

மாலையில் நீயே வருகிறாய், நேரில் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் உன் அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. எழுந்து லிஃப்ட் பார்க்கப் போய்விடுவார். அதனால் இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

உன் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பார்த்துவிட்டேன். ஞாயிறு மாலைக் காட்சி, முன்பே எடுத்து வைத்த டிக்கெட், கடைசி வரிசை, மூலை. நீ பார்த்துவிட்டால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று விளக்கணைத்த பிறகுதான் உள்ளே வந்தோம். வந்தோம் என்றால் நானும் அவரும்.

அவர் கத்தி நீ கேட்டதே இல்லை, அதனால்தான் குரல் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்று கத்தினார், சின்னவனே. கத்திவிட்டு அப்படியே நின்றார்.

அவருக்கு மரியாதை தெரியாமல் இல்லை. தாத்தாவை அவர் டேய் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நீ தினமும் உன் அறையில் ஃபேனைப் போட்டபடியே விட்டுவிட்டு ஓடுவாய். அவர் வாசலில் நின்று அதையேதான் சொல்வார், இவ்வளவு சத்தமாக இல்லை, அவ்வளவுதான். நீ பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து நிறுத்திவிட்டுப் போவாய். அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியுமோ தெரியாதோ. என்னைத் திருடி என்றாய். நீயும் நானும் ஒரே ஆளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அந்த ஆளுக்கு அது தெரியவே தெரியாது.

படம் முடிந்து படியிறங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். பேக்கரி தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தார்.

“திரும்பி வந்துட்டான் பாத்தியா,” என்றார்.

அண்ணி